கீழிருந்து மேலேறிய சிவப்பு

என்னிடம் ஒரு நாள்காட்டித் தாள் இருக்கிறது. தினமும் ஒன்றாகக் கிழிக்கிற வகை, உள்ளங்கை அகலம். மாசி மாதம் என்றும் வெள்ளிக்கிழமை என்றும் அதில் அச்சிட்டிருக்கிறது. ராகுகாலமும் எமகண்டமும் இன்றைக்கும் படிக்க முடிகிறது. ஆண்டு மட்டும் தெரியவில்லை. அது இருந்த கீழ் ஓரத்திலிருந்துதான் ஒரு சிவப்பு கிளம்பி, தாளின் பாதிவரை ஏறி, பல் பல்லாக விளிம்பு கட்டி நின்றுபோயிருக்கிறது. சிவப்பு என்று பழக்கத்தில் சொல்கிறேன். இன்று பார்ப்பவர்களுக்கு அது தேநீர் சிந்திய கறையாகத்தான் தோன்றும். ஆனால் அதைக் கையில் எடுத்தவுடன் ஸ்கெட்ச் பேனாவின் அந்த நெடி, பாதி இனிப்பும் பாதி மருந்துமான நெடி, என் தொண்டையின் பின்புறத்தில் வந்து நிற்கிறது.

குடும்பத்தில் நடந்தவற்றைத் தேதியோடு எழுதிவைப்பது என் பழக்கம் என்பதால் இந்தத் தாளின் ஆண்டைக் கண்டுபிடிக்கப் பழைய பஞ்சாங்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். இரண்டு ஆண்டுகள் பொருந்துகின்றன. நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன் என்பதை வைத்துத் தொண்ணூறுகளின் நடுப்பகுதி என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். கிழமை உறுதி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் இந்தத் தாளின் நுனியைச் சிவப்புத் தண்ணீரில் நிறுத்திவைத்தேன். மறுநாள் சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லாத நாள்.

மரக்காணம் உப்பளங்களின் மேற்குக் கரையை ஒட்டிய எங்கள் தெருவில் ஸ்கெட்ச் பேனாப் பெட்டி வைத்திருந்தவள் ஸ்டெல்லா ஒருத்திதான். அவளுடைய சித்தப்பா பாண்டிச்சேரியில் ஒரு கடையில் வேலை செய்தார். பெட்டியில் எல்லா நிறங்களும் இருந்தாலும் சிவப்புதான் முதலில் காயும். ரோஜாப்பூவும் சிவப்பு, கோயில் கொடியும் சிவப்பு, மாதா படத்தில் வருகிற இதயமும் சிவப்பு. காய்ந்துபோன சிவப்பைப் பெரிய மனசோடு எனக்குக் கொடுத்தாள். நான் பின்பக்க மூடியைப் பல்லால் கடித்துப் பிடுங்கினேன். உள்ளே, மெல்லிய பிளாஸ்டிக் தோல் போர்த்திய ஒரு நீண்ட பஞ்சுத்தண்டு இருந்தது. அதன் தலையில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு மூடி, கொஞ்ச நேரம் தலைகீழாக வைத்தால் பேனா மறுபடி எழுதும். இதற்கு எங்களுக்குள் "கஞ்சி ஊத்துறது" என்று பெயர். "உன் ஸ்கெட்ச்சுக்குக் கஞ்சி ஊத்துனியாடி?" என்று ஸ்டெல்லா கேட்டால், வகுப்பில் மற்றவர்களுக்கு ஒன்றும் புரியாது.

ஒருமுறை வீட்டுக் குடத்தில் தண்ணீர் இல்லாததால் உப்பளத்துப் பாத்தித் தண்ணீரை விட்டேன். அடுத்த நாள் பேனாவின் முனையில் வெள்ளையாகப் பொரிப் பொரியாக உப்பு பூத்திருந்தது. தேய்த்தேன், கடித்தேன், அது எழுதவில்லை. எங்கள் ஊரில்தான் ஒரு பேனா இப்படிச் சாகும் என்று நினைக்கிறேன். அது ஸ்டெல்லா பிறகு கொடுத்த பச்சை. ஆகவே அந்த மாசியில் என் கையில் உயிரோடு இருந்தது சிவப்பு மட்டும்.

அந்த வெள்ளிக்கிழமை எங்களுக்கு வேறொரு யோசனை வந்தது. பஞ்சுத்தண்டை வெளியே உருவி, ஒரு மூடியில் பிழிந்து, சிவப்புத் தண்ணீர் சேர்ந்ததும் தண்டைக் கழுவிக் காயவைத்து, மறுபடி அந்த மூடியிலேயே நிற்கவைத்தோம். யாரும் தொடவில்லை. யாரும் ஊதவில்லை. சிவப்பு அடியிலிருந்து தண்டுக்குள் நுழைந்து, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேலே ஏறத் தொடங்கியது.

"ஏய், இன்னாடி இது, உயிரு இருக்குற மாரி ஏறுது" என்றாள் ஸ்டெல்லா. பிறகு சிரித்துக்கொண்டே, "உள்ள யாரோ உக்காந்து உறியுறாங்க" என்றாள். சொல்லிவிட்டு அவள் வீட்டுக்குப் போய்விட்டாள். நான் தண்டுக்குப் பக்கத்திலேயே நாள்காட்டித் தாளையும் நிறுத்தினேன். அதிலும் ஏறியது.

இன்று இதற்கு விளக்கம் சொல்வது எளிது. பஞ்சுத்தண்டு என்பது முடியைவிட மெல்லிய இழைகளை நெருக்கிக் கட்டிய கட்டு. இழைக்கும் இழைக்கும் நடுவே இருக்கிற சந்துகள்தான் அதன் வழிகள். நீருக்கு இழையைப் பற்றிக்கொள்ளும் குணமும், தன்னைத்தானே இழுத்துப் பிடித்துக்கொள்ளும் குணமும் உண்டு. சந்தின் சுவரை நீர் பற்றுகிறது, பற்றிய நீர் பின்னால் வருகிற நீரை இழுக்கிறது, இப்படியே கைமாற்றிக் கைமாற்றி மேலே போகிறது. சந்து எவ்வளவு குறுகலோ அவ்வளவு உயரம் ஏறும். ஏறிய நீரின் எடை அந்த இழுப்புக்குச் சமமாகும் இடத்தில் நின்றுவிடும். பேனாவின் வயிற்றில் இருக்கிற மை மூடி திறந்தவுடன் கொட்டிவிடாமல் இருப்பதும் இதனால்தான். முனை தாளைத் தொட்டவுடன் தாளின் இழைகள் அதைவிடக் குறுகலான சந்துகளைக் காட்டி மையைத் தம் பக்கம் வாங்கிக்கொள்வதும் இதனால்தான். நுண்புழை ஏற்றம் என்று பின்னால் பாடப்புத்தகத்தில் படித்தேன். தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியபோதும் என் பயம் போகவில்லை.

ஏனென்றால் நான் வளர்ந்த இடத்தில் தண்ணீர் மேலே ஏறாது. உப்பளத்தில் எல்லாமே சரிவை நம்பி நடக்கிறது. வாய்க்காலிலிருந்து பெரிய பாத்தி, அதிலிருந்து அடுத்தது, அதிலிருந்து உப்பு விளைகிற கடைசிப் பாத்தி என்று தண்ணீர் ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டே வரும், வர வரக் கனக்கும். தண்ணீர் குறைகிறதா கூடுகிறதா என்று அறிய அப்பா, வரப்போரம் நீர்விளிம்பு எங்கே இருக்கிறதோ அங்கே ஒரு குச்சியை நட்டுவிட்டுப் போவார். திரும்பி வரும்போது விளிம்பு குச்சியைவிட்டு விலகியிருந்தால் வெயில் வேலை செய்கிறது என்று பொருள். குச்சியைத் தாண்டி வந்திருந்தால் எங்கோ மடை கசிகிறது. "சும்மா பார்த்தா ஒண்ணும் தெரியாது, குச்சிதான் சொல்லும்" என்பார். ஊரில் எல்லாருமே இதைச் செய்தார்கள். நாங்கள் மழைக்குட்டையில் விளையாடும்போதுகூடக் குச்சி நட்டோம்.

சனிக்கிழமை நடந்ததைச் சொல்வதற்கு முன் அம்மாவின் காலைப் பற்றிச் சொல்ல வேண்டும். தையிலும் மாசியிலும் பாத்தி மிதிப்பார்கள். மழைக்காலம் முழுக்க ஊறிக் கிடந்த அடிமண்ணை, உப்பு எடுக்கும்போது சேறு கலந்து வராதபடி, வெறுங்காலால் மிதித்து மிதித்துத் தரையாக இறுக்குகிற வேலை. அப்பாவும் அம்மாவும் அப்பாவின் தங்கை ராணி அத்தையும் சேர்ந்து மிதித்தார்கள். அந்த வாரம் அப்படி மிதிக்கும்போது உடைந்த சிப்பி ஒன்று அம்மாவின் இடது கால் விரலிடுக்கில் ஏறிவிட்டது. அம்மா அதைப் பிடுங்கிப் போட்டாள், பக்கத்துப் பாத்தித் தண்ணீரில் காலை அலசினாள், புடவைத் தலைப்பில் கிழித்துக் கட்டிக்கொண்டு மறுபடி மிதித்தாள். இதில் யாருக்கும் எந்த வியப்பும் இல்லை. உப்பளத்துக் கால்களுக்கு வெட்டும் கீறலும் நாள்தோறும் உண்டு. அவற்றுக்கு யாரும் ஆஸ்பத்திரிக்குப் போனதில்லை. "உப்புல நிக்கிற காலுக்குச் சீழு புடிக்காது" என்று எல்லாரும் நம்பினார்கள், நானும் நம்பினேன், பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன். உப்பு மீனைக் காக்கிறது, மாங்காயைக் காக்கிறது, மனுஷக் காலை மட்டும் கைவிட்டுவிடுமா?

சனிக்கிழமை காலையில் அம்மா எழுந்திருக்கவில்லை. பற்கள் தட்டுகிற அளவு நடுக்கம் இருந்தது. தொடையிடுக்கில் நெறி கட்டியிருக்கிறது என்று அத்தையிடம் சொன்னாள். "கால்ல புண்ணு இருந்தா நெறி கட்டத்தான் செய்யும் அண்ணி, படுத்துக்குனு இரு, நான் உன் பங்கையும் சேத்து மிதிச்சுட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு அத்தை அப்பாவோடு அளத்துக்குப் போய்விட்டாள். மிதிப்பதைப் பாதியில் விட்டால் மண் வெடித்துவிடும், செய்த வேலை எல்லாம் வீண், அந்தப் பருவத்துக்கு அந்தப் பாத்தியே வீண். ஆகவே வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்.

முற்பகலில் அம்மா கண்ணைத் திறக்காமலே, "காலக் கொஞ்சம் அமுக்கி உடுடி" என்றாள். புடவையைக் கொஞ்சம் ஒதுக்கிக் காலைப் பிடித்தேன். கால் சுட்டது. கட்டுத்துணி ஈரமாக இருந்தது, கட்டுக்கு வெளியே விரல்கள் உருண்டையாகப் பளபளத்தன. பிறகு அதைப் பார்த்தேன். கணுக்காலின் உட்புறத்திலிருந்து ஒரு சிவப்புக் கோடு. நூல்போல அல்ல, சுண்டுவிரலில் பாதி அகலம் இருக்கும். ஓரங்கள் தெளிவில்லாமல், உள்ளேயிருந்து ஒளிர்வதுபோல, கெண்டைக்காலின் பக்கமாக மேலே போய் ஓரிடத்தில் முடிந்திருந்தது.

"அம்மா, கால்ல இன்னாம்மா செவப்பா?"

"பாயி அச்சுடி" என்றாள் அம்மா. அதோடு தூங்கிவிட்டாள், அல்லது தூக்கம் மாதிரி ஒன்றுக்குள் போய்விட்டாள்.

நான் பாயைப் பார்த்தேன். கோரைப்பாயின் அச்சு குறுக்கே விழும், நிறைய விழும், ஒற்றையாக நீளவாக்கில் விழாது. பிறகு மாடத்தில் நான் நிறுத்திவைத்திருந்த மூடியைப் பார்த்தேன். பஞ்சுத்தண்டு உச்சிவரை சிவந்து நின்றது. அடியில் சிவப்புத் தண்ணீர், நடுவில் நேற்றுவரை வெள்ளையாக இருந்த தண்டு, யாரும் தொடாமலே ஏறிய சிவப்பு. கால் அடியில் புண், மேலே அம்மா. எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். அந்தப் புரிதலைப்போல என்னைப் பயமுறுத்திய ஒன்று அதற்குப் பிறகு என் வாழ்க்கையில் வந்ததில்லை. மனிதக் காலுக்குள்ளும் பஞ்சு இருக்கிறது, நஞ்சு அதில் ஊறி ஏறுகிறது, உச்சிக்குப் போனால்தான் நிற்கும்.

கத்தவில்லை. கத்தினால் அம்மா விழித்துவிடுவாள், விழித்தால் அது வேகமாக ஏறும் என்று ஏனோ தோன்றியது. எங்கள் ஊர்ப் பிள்ளை எதைச் செய்யுமோ அதைச் செய்தேன். குச்சி நட்டேன். பஞ்சுத்தண்டை மறுபடி பேனாவுக்குள் திணித்து, சிவப்பு முடிகிற இடத்தில், அம்மாவின் காலில் குறுக்காக ஒரு கோடு போட்டேன். கையில் இருந்தது சிவப்புப் பேனா. அதனால் கோடும் சிவப்பு.

பிறகு சுவரோரமாக உட்கார்ந்துகொண்டேன். தெருவில் யாரோ உப்பு மூட்டை தைக்கிற கோணூசியைக் காணோம் என்று கத்திக்கொண்டிருந்தார்கள். அடுப்பில் வைத்த கஞ்சி கொதித்து வழிந்து அணைந்தது, நான் எழுந்திருக்கவில்லை. பார்க்கக் கூடாது என்று முகத்தைத் திருப்பி, முடியாமல் திரும்பிப் பார்த்தேன். சிவப்பு என் கோட்டைத் தாண்டியிருந்தது.

இன்னொரு கோடு போட்டேன். அதையும் தாண்டியது. மறுபடி போட்டேன். அம்மாவுக்கு இப்போது நடுக்கம் நின்று வியர்க்கத் தொடங்கியிருந்தது. வியர்வையில் என் கோடுகள் ஊறி, தோலின் மெல்லிய வரிகள் வழியே மேலும் கீழும் இழையிழையாகப் பரவின. எது நான் போட்டது, எது அதுவாக வந்தது என்று எனக்கே தெரியாமல் போயிற்று. அப்போதுதான் மனதில் அந்த எண்ணம் வந்தது. நான் கோடு போடப் போட அது ஏறுகிறது. பேனா உறிஞ்சுகிறது. உள்ளே உட்கார்ந்து உறிகிறவர் என் கையில்தான் இருக்கிறார். பேனாவை வீசி எறிந்துவிட்டு வெறுங்காலோடு அளத்தைப் பார்க்க ஓடினேன்.

மாசி வெயிலில் உப்பளம் கண்ணைத் திறக்கவிடாது. வரப்புகளில் விழுந்து எழுந்து ஓடினேன். அப்பாவும் அத்தையும் முழங்கால்வரை சேறாக, எதிரெதிரே நின்று மிதித்துக்கொண்டிருந்தார்கள். வரப்பில் மேஸ்திரி குடை பிடித்து உட்கார்ந்திருந்தார்.

"அம்மா கால்ல செவப்பு ஏறுதுப்பா! மேல மேல ஏறுது!"

"செவப்பு ஏறுதா?" என்று மேஸ்திரி சிரித்தார். "மருதாணி வச்சுக்குனு படுத்துருக்கும் உங்கம்மா. வேலைக்கு லீவு போட நல்ல வழி."

"யோவ் மேஸ்திரி, நீ ஒருநாள் எறங்கி மிதி, உனக்கு எங்கெங்க செவக்குதுன்னு பார்ப்போம்" என்றாள் அத்தை. பக்கத்துப் பாத்திகளில் இருந்தவர்களும் சிரித்தார்கள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை, ஆனால் நிறுத்தவும் இல்லை. "இந்த மூலைய முடிச்சுட்டு வர்றேன், நீ போ" என்றார். மண்ணைப் பார்த்தார், சூரியனைப் பார்த்தார். பாத்திக்குள் இறங்கி, அவருடைய காலைக் கட்டிக்கொண்டேன். மிதிக்க விடாமல் கட்டிக்கொண்டேன். அவர் உதறியபோது சேற்றில் முகம் குப்புற விழுந்தும் விடவில்லை. "இன்னாடி ஆச்சு உனக்கு, பேய் கீய் புடிச்சுருக்குதா?" என்று அதட்டியவர், என் உடம்பு நடுங்குவது அவர் காலில் தெரிந்ததாலோ என்னவோ, மிதிப்பதை நிறுத்தினார்.

வீட்டுக்குள் நுழைந்து, புடவையை ஒதுக்கி, அப்பா பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் அவர் முகம் தளர்ந்தது, உடனே கோபத்தில் இறுகியது. அம்மாவின் கால் முழுக்கச் சிவப்பு மை. குறுக்கே கோடு கோடாக, ஊறிப் பரந்து, ஏணி மாதிரி. தரையில் மூடி இல்லாத ஸ்கெட்ச் பேனா கிடந்தது.

"கிறுக்கி வச்சுக்குறா பாரு ராணி! ஜுரத்துல கெடக்குறவ காலுல ஸ்கெட்ச்சால கிறுக்கிட்டு, அங்க வந்து செவப்பு ஏறுதுன்றா!" அவருடைய கை ஓங்கியது. பாதி மிதித்த பாத்தி வெயிலில் கிடந்தது, அதை விட்டுவிட்டு வந்திருந்தார். எந்த அப்பாவுக்கும் கோபம் வரும்.

"அடிக்காதண்ணா, சும்மாயிரு, தொடச்சா போயிடும்" என்று அத்தை நடுவில் வந்தாள். துணியைத் தேங்காய் எண்ணெயில் தோய்த்துக் காலைத் துடைக்கத் தொடங்கினாள். "உங்கம்மா காலு இன்னா உன் டிராயிங் நோட்டாடி?" என்று என்னைத் திட்டிக்கொண்டே துடைத்தாள். குறுக்குக் கோடுகள் ஒவ்வொன்றாகக் கரைந்து துணிக்கு வந்தன. துணி சிவந்தது. கால் வெளுத்துக்கொண்டே வந்தது. நீளவாக்கில் மேலே போகிற ஒன்று மட்டும் வெளுக்கவில்லை.

அத்தை இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டாள். அழுத்தித் தேய்த்தாள். மயக்கத்திலிருந்த அம்மா, அதுவரை முனகக்கூடச் செய்யாத அம்மா, அலறினாள்.

அத்தையின் கை நின்றது. அப்பா குனிந்து, தன் கட்டைவிரலை நாக்கில் ஈரம் செய்து, ஒரு குழந்தையின் கன்னத்தைத் துடைப்பதுபோல அந்தக் கோட்டின்மீது மெதுவாகத் தேய்த்தார். விரலைத் திருப்பிப் பார்த்தார். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. மறுபடி தேய்த்தார், மறுபடி பார்த்தார். மூன்றாம் முறை தேய்க்க நீட்டிய, சேறு காய்ந்த அந்தப் பெரிய கையைப் பாதியிலேயே இழுத்துக்கொண்டார். அதுவரை எனக்கு இருந்தது என்னுடைய பயம் மட்டும்தான். அப்பாவுக்குப் பயம் வரும் என்பது எனக்குத் தெரியாது. அந்தக் கணத்தில்தான் எனக்கு வீடு இடிந்தது.

உப்பு ஏற்றிக்கொண்டு திண்டிவனம் கிளம்பிய லாரி ஒன்றை நடுரோட்டில் நின்று அப்பா மறித்தார். டிரைவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, அம்மாவைப் பார்த்ததும் மூடிக்கொண்டார். அம்மாவை முன்னால் ஏற்றினார்கள். நானும் அத்தையும் பின்னால் உப்பு மூட்டைகளின்மேல். மரக்காணம் ஆஸ்பத்திரி தூரமில்லை. ஆனால் ஒவ்வொரு குலுக்கலிலும் அது மேலே ஒரு படி ஏறுகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டு எண்ணிக்கொண்டு வந்தேன்.

ஆஸ்பத்திரியில் இருந்தவர் ஒரு டாக்டரம்மா. காலைப் பார்த்தார், தொடையிடுக்கை அழுத்தினார், நாடியைப் பிடித்தார். நர்ஸிடம் ஊசிக்குச் சொல்லிவிட்டுக் கேட்டார்: "இந்தக் கோடு எப்போதிலிருந்து இருக்கு? எவ்வளவு வேகமா மேல வருது?"

அப்பா அத்தையைப் பார்த்தார். அத்தை அப்பாவைப் பார்த்தாள். சொல்லக்கூடிய ஒரே சாட்சியை எண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டு வந்திருந்தோம்.

"பாப்பாதான் பார்த்துச்சுங்க" என்றாள் அத்தை கடைசியில். என்னை முன்னால் தள்ளினார்கள். நான் அம்மாவின் காலில் விரலை வைத்து, முதலில் இங்கே, அடுப்பு அணைஞ்சப்ப இங்கே, ஓடும்போது இங்கே என்று காட்டினேன். தோலில் எங்கேயோ ஓரிரண்டு இடங்களில் ரோஜா நிறத் தடம் மிச்சமிருந்தது, மற்றதெல்லாம் நினைவு. டாக்டரம்மா நான் காட்டியதைக் கேட்டுக்கொண்டே, மேல்பையிலிருந்து நீலப் பேனாவை எடுத்து, முழங்காலுக்கு மேலே சிவப்பு முடிகிற இடத்தில் குறுக்காக ஒரு கோடு போட்டார்.

இவரும் குச்சி நடுகிறார் என்றால் இவருக்கும் தெரியவில்லை என்றுதான் பொருள். படித்தவர், வெள்ளைக் கோட்டு போட்டவர், அவரும் என்னைப்போல உட்கார்ந்து அது தாண்டுகிறதா என்று பார்க்கத்தான் போகிறார். "நீங்க போடாதீங்க, போட்டா ஏறும்" என்று கத்திவிட்டேன். அத்தை என் வாயைப் பொத்தி வெளியே இழுத்துக்கொண்டு வந்தாள். வராந்தாவில் என்னை மடியில் இறுக்கிக்கொண்டு, அழுகையும் சிரிப்புமாக, "அவங்க போட்டா வைத்தியம், நீ போட்டா கிறுக்கலாடி? உங்கப்பனுக்கு இருக்குது பாரு" என்றாள். அவளுடைய கைவிரல்கள் எண்ணெயும் சிவப்புமாக இருந்தன.

ஊசி போட்டு, வண்டியில் ஏற்றி, பாண்டிச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அப்பா கூடப் போனார். வண்டி திரும்பும்போது உள்ளே பார்த்தேன். நீலக் கோடு தெரிந்தது, அதற்கு மேல் எதுவும் தெரியவில்லை. அந்த இரவிலிருந்து அம்மா திரும்பி வரும்வரையான நாட்களை நான் எழுதிவைக்கவில்லை, எழுதவும் முடியாது. ஸ்டெல்லா வந்தால் ஒளிந்துகொண்டேன். வீட்டுச் சுவரின் அடியில் ஓதம் ஏறி உப்புப் பூத்த விளிம்பு இருந்தது. எல்லா வீட்டிலும் இருக்கிற விளிம்பு. அது நேற்றைவிட உயர்ந்திருக்கிறதா என்று தினமும் பார்த்தேன். தண்ணீர்க் குடத்தின் வாயில் தொங்கிய துணியின் நுனி நனைந்திருந்தால் எடுத்து வெளியே போட்டேன். உலகத்தில் எல்லாமே கீழேயிருந்து எதையோ உறிந்துகொண்டிருந்தது.

அம்மா வந்தாள். ஒரு விரல் குறைந்து, பாதி ஆளாக மெலிந்து, நடந்து வந்தாள். கதவோரம் நின்றே முதலில் அவள் காலைத்தான் பார்த்தேன். கோடு இல்லை. அந்தப் பருவத்தில் எங்கள் பாத்தி வெடித்துப்போய், உப்பு எடுக்கவில்லை. அப்பா அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

பல ஆண்டுகள் கழித்து நானே புத்தகங்களைத் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டது இது: அம்மாவின் காலில் ஏறியது பேனாவில் ஏறியதைப்போன்றது அல்ல. உடலில் ரத்தக் குழாய்களைத் தவிர நிணநீர்க் குழாய்கள் என்று ஒரு வலை இருக்கிறது. புண்ணில் புகுந்த கிருமி அதற்குள் நுழையும்போது குழாய் வழி நெடுக அழற்சி கண்டு தோலுக்கு அடியில் சிவந்து தெரிகிறது. பஞ்சும் இல்லை, உறிஞ்சுவதும் இல்லை. தசை அசைய அசைய, வால்வு வால்வாக அது நகர்கிறது. நான் நினைத்த காரணம் முழுக்கத் தவறு. ஆனால் என் பயம் சரியாக இருந்தது. தவறான காரணத்துக்காகச் சரியாகப் பயந்த ஒரு பிள்ளை என்று என்னைப்பற்றி எழுதிக்கொள்கிறேன். பேனாவின் பஞ்சு தன் உயரம் வந்தால் தானே நின்றுவிடும். மற்றது நிறுத்தினால்தான் நிற்கும்.

இப்போது திண்டிவனத்தில் இருக்கிறேன். மரக்காணத்துக்குப் போகும்போது, பாத்தி மிதிப்பவர்களில் சிலர் ரப்பர் பூட்ஸ் போட்டிருப்பதைப் பார்க்கிறேன். பலர் இன்னும் வெறுங்கால்தான். உப்பில் நிற்கிற காலைப்பற்றிய அந்தப் பேச்சு எங்கள் தெருவில் மட்டும் இல்லாமல் போய்விட்டது. காய்ந்த ஸ்கெட்ச் பேனாவுக்கு யாரும் கஞ்சி ஊற்றுவதில்லை, தூக்கி எறிகிறார்கள். அப்பா இல்லை. எங்கள் வீட்டு ஓதச் சுவரை இடித்துவிட்டு, பின்னால் பிறந்த என் தம்பி புதிதாகக் கட்டிவிட்டான்.

போன பொங்கலுக்குப் பெருமுக்கலிலிருந்து வந்திருந்த ராணி அத்தை, அம்மாவுக்கு எதிரிலேயே ஒன்று சொன்னாள். அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலமே, அளத்திலிருந்து வந்து பம்பில் கால் கழுவும்போது, அம்மா அவளிடம் கேட்டாளாம்: "கால்ல செவப்பா ஒரு கோடு வந்தா இன்னாடி அர்த்தம்?" வெயில் சாய்ந்த நேரம், அத்தை சரியாகப் பார்க்காமலே, "ஒண்ணும் ஆவாது அண்ணி" என்று சொன்னாளாம்.

"நான் எங்கடி கேட்டேன்? இவ கனா கண்டுருப்பா" என்றாள் அம்மா.

"கேட்ட அண்ணி. பாத்தி மிதிச்சு முடியுறவரைக்கும் அண்ணன்கிட்ட சொல்லாதன்னும் சொன்ன."

அம்மா காலை மடக்கிப் புடவைக்குள் இழுத்துக்கொண்டு, பேரப்பிள்ளைகளுக்குக் கரும்பு சீவப் போய்விட்டாள். அதற்குப் பிறகு இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். அத்தை தான் சொன்னதில் உறுதியாக இருக்கிறாள். அம்மா ஒருமுறை இல்லை என்றாள், ஒருமுறை நினைவில்லை என்றாள், ஒருமுறை பேச்சை மாற்றினாள். வேறு யாரும் அந்தப் பம்படியில் இல்லை. தன் காலில் ஏறுவது இன்னதென்று தெரிந்தே அம்மா அன்று படுத்திருந்தாளா என்பது இதுவரை உறுதிப்படவில்லை.